இல்லாத சந்துக்குச் சொந்தக்காரர்

மெமரி கார்டைச் சட்டை விளிம்பில் துடைத்து, வாயருகே கொண்டுபோய் ஊதி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் கணினியில் செருகுவார். கார்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்கு இத்தனை உபசாரம். "ஊதினா எச்சி பட்டுக் கெட்டுடும்ணே" என்று யாராவது சொன்னால், "இத்தன வருஷமா கெடல. இனிமே கெட்டா உங்க கண்ணு பட்டதாலதான்" என்பார்.

செருகியதும் ஓட்டுநரிடம் ஒரே கேள்வி.

"எங்க கவுத்துச்சு?"

வண்டியில் பொருத்தும் வழிகாட்டிக் கருவி எந்த இடத்தில் தப்பான வழி சொன்னது என்று பொருள். லாரிக்காரர், வாடகைக் கார்க்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர் எல்லோரும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டே வருவார்கள். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒருவழிப் பாதைல எதிர்த்தாப்ல விட்டுடுச்சுண்ணே. போலீஸ்காரரு மாப்பிள்ளைய வரவேற்கற மாதிரி கைய நீட்டிக்கிட்டு வந்தாரு." இவர் சிரிக்கமாட்டார். திரையில் அந்தத் தெருவைப் பெரிதாக்கி, அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார்.

ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ரூட்டு அண்ணன். ஒல்லியான உடம்பு. சட்டைப்பை மட்டும் கார்டுகளின் கனத்தில் ஒரு பக்கமாகத் தொங்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். தெருவில் நடக்கும்போது மனிதர்களைப் பார்க்கமாட்டார், வண்டிகளின் கூரையைத்தான் பார்ப்பார். எதிரே வந்த சம்பந்தி வணக்கம் சொன்னதைக் கவனிக்காமல் அவருக்குப் பின்னால் நின்ற லாரியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்று குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.

கருவிக்குள்ளிருந்து வழி சொல்லும் பெண் குரலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அக்கா. "அக்கா பேச்ச அப்படியே கேட்டா நேரா கால்வாய்க்குள்ளதான் இறங்கணும். அக்காவச் சொல்லிக் குத்தமில்ல. யாரோ எழுதிக் குடுத்தத வாசிக்குது, பாவம்." அவருடைய மனைவிக்கு இந்தப் பாவம் பிடிக்காது. "வீட்டுல ஒருத்தி கத்தினா காது கேக்காது. பொட்டிக்குள்ள இருக்கறவளுக்கு மட்டும் பாவம் பார்ப்பாரு" என்பாள்.

கடை என்றால் ஒரு ஷட்டரில் பாதி. மறுபாதி ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் மேசை அதிரும். ஜெராக்ஸ் கடைக்காரம்மா முழுப் பாடப்புத்தகங்களையே நகலெடுத்து ஒட்டித் தருபவர். தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, "நீயும் நகல், நானும் நகல். போலீஸ் வந்தா ஒரே ஜீப்புல போயிடலாம், பெட்ரோல் மிச்சம்" என்று கேலி செய்வார்.

கேலியில் உண்மை இருந்தது. மேப் மென்பொருள் ரூட்டு அண்ணனுடையது அல்ல. பெரிய கம்பெனி ஒன்றினுடையது. ஒரு கார்டை முறையாக விலைக்கு வாங்கினார். அதிலிருந்துதான் ஊரில் பாதி வண்டிகளுக்கு நகல் போனது. ஒரு கார்டு ஒரு கருவிக்குத்தான், நகல் எடுக்கக்கூடாது, உள்ளே எதையும் மாற்றக்கூடாது என்று கம்பெனி எழுதி வைத்திருந்தது. திறக்கும்போதெல்லாம் அந்த நீளமான எழுத்து திரையில் வரும். கீழே 'சம்மதம்' என்ற பொத்தான். மூக்கில் உட்கார்ந்த ஈயைத் தட்டுவதுபோல அதைத் தட்டிவிட்டுப் போவார். எப்போதாவது யாராவது கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "அரிசி விக்கிறவன், நீ இத கஞ்சியா காய்ச்சக் கூடாதுன்னு சொல்லுவானா? காசு குடுத்து வாங்கினேன். வாங்கினது தப்பா இருந்துச்சு. திருத்தினேன்."

முதலில் வெறும் நகல்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மாவு மூட்டை ஏற்றிய வேன்காரர் ஒருவர் கார்டை மேசைமேல் வீசிவிட்டு, முட்டுச் சந்தில் மாட்டி, வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது ஒரு வீட்டுச் சுவரை இடித்த கதையைக் கெட்ட வார்த்தைகளோடு சொன்னார். கம்பெனிக்கு எழுதினால் வேலைக்கு ஆகாது. பழைய மாடல் கருவிகளுக்கு மேப் புதுப்பிப்பதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். புதுக் கருவி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவரிடம் வருகிறவர்கள் யாரும் புதுக் கருவி வாங்குகிற ஆட்கள் இல்லை. அன்று அந்த முட்டுச் சந்தை மேப்பில் தானே மூடினார். அதோடு வெறும் நகல் போடுகிறவர் என்பது போய்விட்டது.

கடை விடுமுறை நாளில் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். ஓட்டுநர்கள் சொன்ன இடத்தை நேரில் பார்க்காமல் மாற்றமாட்டார். தாழ்வான பாலம் என்றால் உயரம் அளக்க வேண்டும். அதற்கு வீட்டிலிருந்த திரைச்சீலைக் கம்பி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். பாலத்தடியில் அவள் கம்பியை நிமிர்த்திப் பிடிக்க, இவர் தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் மேல... ஆடாத" என்பார். பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். "ஏம்மா, பாலத்துக்குத் திரை போடறீங்களா?" என்று ஒருவர் கேட்டபோது அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு வேறு ஊர்சுற்றல் கிடையாது. துணி தைத்துக் குனிந்த முதுகு அந்த ஒரு நாள்தான் நிமிரும்.

திருத்திய மேப்புக்குப் பெயர் கிளம்பியது. பெயர் கிளம்பினால் பின்னாலேயே பிறர் கையும் வரும். தெருமுனையில் செல்போன் கடை வைத்திருப்பவர் யாரோ ஓட்டுநரிடமிருந்து ஒரு கார்டை வாங்கி, அதை அப்படியே நகலெடுத்து விற்க ஆரம்பித்தார். ரூட்டு அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "அவன் ஒரு பாலத்தடிலயாவது நின்னிருப்பானா? என் உழைப்பத் திருடிட்டான்" என்று வீட்டுக்குள் நடந்தார்.

"நீங்க மட்டும் யாருக்கிட்ட கேட்டு எடுத்தீங்க?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"நான் எடுத்தது வேற. அவன் எடுத்தது வேற."

கடைக்குத் திரும்பிப் போய்க் கணினி முன் உட்கார்ந்தார். எந்த வண்டியும் போகாத ஒரு வெட்டவெளியில், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டி, இல்லாத ஒரு சந்தை வரைந்தார். மனைவியை அவள் பிறந்த வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை அதற்கு வைத்தார். பட்டு சந்து. இனி யார் நகலெடுத்தாலும் அந்தச் சந்தும் கூடவே போகும். திருடுகிறவன் கையும் களவுமாகப் பிடிபடுவான்.

அவளைக் கடைக்குக் கூட்டிவந்து காட்டினார். அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் பேர்ல கையகல நிலம் கிடையாது. சாக்கடை ஓரமா ஒரு சந்து மட்டும் இருக்கா?" என்றாள். ஆனாலும் முகம் சிவந்துதான் போனது.

ஒன்றோடு நிற்கவில்லை. செல்போன் கடைக்காரன் ஒரு சந்தைக் கண்டுபிடித்து அழித்துவிடுவான் என்று இன்னொன்று போட்டார். அப்புறம் இன்னொன்று. சிலவற்றுக்குப் பெயரும் வைக்கவில்லை. ஒரு தெருவில் இல்லாத வளைவு, ஒரு மைதானத்தின் நடுவே ஒரு குறுக்குப் பாதை. துணியில் தையல் வெளியே தெரியாமல் தைப்பதுபோல அவ்வளவு நுணுக்கமாகச் செய்தார். செய்யச் செய்ய ருசி ஏறியது. அந்த நாட்களில் அவரிடம் ஒரு மிதப்பு இருந்ததை ஜெராக்ஸ் கடையம்மாகூடக் கவனித்து, "என்னப்பா, மாப்பிள்ளை களை தெரியுது" என்றார்.

புதிதாக விற்ற கார்டுகளில் அந்தச் சந்துகள் பரவி, செல்போன் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் அந்தக் கடை வாசலில் போய் நின்றார். சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர். அன்று போட்டார். "இந்தச் சந்து எப்படி உன் மேப்புல வந்துச்சு? சொல்லு! ஊருல இல்லாத சந்து இது. நான் போட்டது. இது என் மேப்பு!" கூட்டம் கூடியது. ஓட்டுநர்கள் அவர் பக்கம் நின்றார்கள். யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். செல்போன் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே, விட்டுடுங்கண்ணே" என்றார். அன்று மாலை ரூட்டு அண்ணன் வீட்டுக்கு ராஜா மாதிரி வந்தார்.

அவர் தோற்றது அன்றுதான். தெரிவதற்குச் சில வாரங்கள் ஆயின.

கம்பெனியிலிருந்து வந்தவர் மிகவும் மரியாதையானவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட வந்த இரண்டு போலீஸ்காரர்கள் கழற்றவில்லை. அவர் தன் செல்போனை மேசையில் வைத்து ஒரு படத்தை ஓடவிட்டார். அதில் ரூட்டு அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். நான் போட்டது. இது என் மேப்பு.

"குரல் உங்களோடதுதானேண்ணே?" என்றார் வந்தவர், வருத்தத்தோடு கேட்பதுபோல.

ஊரில் எத்தனையோ பேர் நகலெடுத்திருக்கலாம். யாரிடமிருந்து கிளம்பியது என்று கம்பெனியால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பிடித்த கார்டு ஒவ்வொன்றிலும் பட்டு சந்து இருந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் இயந்திரம் பாதித் தாளில் நின்றது. தடுப்புக்கு மேல் தலை எதுவும் நீளவில்லை.

மைத்துனருக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் இருந்தார். கறாரானவர், ஆனால் கேட்டதற்கு வளைக்காமல் பதில் சொல்பவர்.

"நகல் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம்."

"உள்ள மாத்தினீங்களா?"

"மாத்தல மேடம். திருத்தினேன்."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாங்கினவர், கார்டு கெட்டுப்போயிடுமோன்னு தனக்கு ஒரு நகல் வெச்சிருந்தா நான் ஏதாவது பேசிப் பார்க்கலாம். நீங்க ஊருக்கே போட்டுக் குடுத்திருக்கீங்க. அதுவும் மாத்திப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"தப்பா இருந்தத சரியாத்தானே மாத்தினேன்?"

"வாடகை வீட்டுல கூரை ஒழுகுதுன்னு நீங்க ஓடு மாத்தறீங்க. வீடு உங்களுதாயிடுமா?"

அவர் யோசித்தார். "வீடு அவங்களுதே மேடம். ஓடு?"

வக்கீலம்மா பேனாவை மூடினார். "ஓடும் அவங்களுதுதான். நீங்க சம்மதம்னு தட்டினீங்களே, அதுல எழுதியிருக்கு. நீங்க செய்யற எந்த மாற்றமும் கம்பெனிக்குச் சொந்தம்."

வழக்கு நடந்தால் சிறைகூடப் போகவேண்டி வரலாம் என்று வக்கீலம்மா சொன்னார். கம்பெனி இறங்கி வந்தது. வழக்கு வேண்டாம் என்றால், கொடுத்த கார்டுகளையெல்லாம் திரும்ப வரவழைத்து அவர் கையாலேயே அழித்துத் தர வேண்டும். பதிலுக்குப் பழைய மேப் மட்டும் இருக்கும் கார்டைக் கம்பெனியே கொடுக்கும். கணினியில் இருப்பதும் அழியும். அதற்குப் பிறகு எந்த வண்டியிலாவது அவருடைய சந்து தென்பட்டால் பேச்சுக்கு இடமில்லை, நேரே வழக்குதான்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார். கம்பெனிக்காரரிடம் கை கட்டி நின்று கேட்டார். "எனக்கு எதுவும் வேணாம் தம்பி. நான் திருத்தினத நீங்களே எடுத்துக்கங்க. உங்க பேர்லயே போடுங்க. அழிச்சுட மட்டும் வேணாம்."

வந்தவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தரையைப் பார்த்துப் பேசினார். "அந்த மாடலுக்கு இனிமே எதுவும் வராதுண்ணே. அதோட, யாரு சொல்லி எழுதினதுன்னே தெரியாத தகவல நாங்க தொட முடியாது. ஏதாவது ஆச்சுன்னா எங்க தலைலதான் விடியும்."

"அப்ப அது உங்களுதும் இல்லயா?"

"எங்களுதுதாண்ணே. ஆனா வெச்சுக்க முடியாது."

அன்று வீட்டில் மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "ஒரே ஒரு கார்டு. என் தையல் பொட்டிக்குள்ள நூல்கண்டோட கிடக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"சந்து இருக்குதே."

"அத அழிச்சுட்டு வைங்க."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"எத்தன போட்டீங்க?"

"தெரியல."

"எங்க எங்க போட்டீங்கன்னாவது?"

பட்டு சந்து தெரியும். மைதானத்துப் பாதை தெரியும். மற்றவை எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. பிறர் கண்டுபிடிக்கக்கூடாது என்று அவ்வளவு நேர்த்தியாக ஒளித்திருந்தார். நிஜத் தெரு எது, தான் இட்டுக்கட்டியது எது என்று பிரிக்க வேண்டுமென்றால் ஊர் முழுக்க மறுபடி ஸ்கூட்டரில் போய்ப் பார்க்க வேண்டும். அவள் தையல் பெட்டியைத் திறந்தபடி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள்.

கார்டுகள் வரத் தொடங்கின. கம்பெனிக்காரர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்டூலில் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ரூட்டு அண்ணன் கார்டை வாங்குவார், செருகுவார், அழிப்பார். துடைப்பதும் இல்லை, ஊதுவதும் இல்லை.

ஓட்டுநர்களில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. "அன்னைக்கு அவன் கடை வாசல்ல குதிக்காம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமாண்ணே? நாலு பேர் பார்க்கணும்னு ஆசப்பட்டீங்க. பார்த்துட்டாங்க" என்றார் பள்ளி வேன்காரர், கார்டை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து. செல்போன் கடைக்காரர் தன்னிடம் இருந்தவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மைத்துனர் மட்டும் காதருகே குனிந்து, "மாமா, என் லாரில இருக்கறத எவன் வந்து பார்க்கப் போறான்? அது தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க" என்றார். இவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். மைத்துனர் முணுமுணுத்துக்கொண்டே கார்டைக் கழற்றி வந்து கொடுத்தார். அதுவும் அழிந்தது.

கடைசியாக வந்தவர் தூரத்து லாரிக்காரர். இந்த ஊருக்கு எப்போதாவது சரக்கு ஏற்றி வருபவர். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அழித்த கார்டுக்குப் பதிலாகக் கம்பெனிக் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர் மடிக்கணினியை மூடி, எழுந்து, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். லாரிக்காரர் போகவில்லை. மேசைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் குனிந்தார்.

"கார்டு கிடக்குது விடுங்கண்ணே. அத அழிக்கலாம், உங்க மண்டைய அழிக்க முடியுமா? இங்கேர்ந்து கிடங்குக்குப் போற வழில எதெது தப்புன்னு வாயால சொல்லுங்க. நான் மனசுல ஏத்திக்கறேன்."

ரூட்டு அண்ணன் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். மேசைக் கண்ணாடியில் தூசு படிந்திருந்தது. அதில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது பெரிய ரோடு. பெட்ரோல் பங்க் தாண்டினதும் அக்கா இடப்பக்கம் திரும்பச் சொல்லும். திரும்பாதீங்க. பள்ளம். நேரா வாங்க." கோடு நேராகப் போனது. "இங்க ஒரு ரவுண்டானா. இதுல ரெண்டாவது..." விரல் வட்டத்தைச் சுற்றியது. "ரெண்டாவதா, மூணாவதா..."

எத்தனையோ பேர் சொன்னது. அவர் போய்ப் பார்த்தது, மாற்றியது. மாற்றியதும் அடுத்த ஆளிடம் "அப்புறம்?" என்று கேட்டது. எல்லாம் மேப்புக்குள் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் எதையும் தன் மண்டையில் வைத்துக்கொள்ளவில்லை.

லாரிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தன் தடித்த விரலை அந்தத் தூசு வட்டத்தின் ஓரத்தில் வைத்து, "இங்கேர்ந்து எந்தப் பக்கம்ணே?" என்றார்.

ரூட்டு அண்ணனின் விரல் கண்ணாடியை விட்டு எழவும் இல்லை, நகரவும் இல்லை.